சம்பந்திகளும் பந்தும்

சம்பந்திச் சண்டை நம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காப்பியில் சூடு போதவில்லை, முதல் பந்தியில் இலை போடவில்லை, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் பழைய கார் - இப்படி ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும். பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இராது. ஆனால் காப்பியும் காரணமாகாமல், காரும் காரணமாகாமல், காற்றடைத்த ஒரு பந்தின் பொருட்டு இரண்டு சம்பந்திகள் மூன்று மாத காலம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்ததை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். பார்த்தது கல்கத்தாவில்.

2001-ம் ஆண்டிலிருந்து அந்நகரத்துக்குக் கொல்கத்தா என்று பெயர். ஆயினும் திருநெல்வேலியிலிருந்து நாம் ரயிலேறியபோது நம் தாயார், "அத்தனை தூரம் கல்கத்தாவுக்கா போகிறாய்?" என்று கேட்டுக் கண்ணீர் விட்டபடியால், நமக்கு அது என்றும் கல்கத்தாதான். 2007-ம் ஆண்டில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நமக்கு உபாத்தியாயர் வேலை கிடைத்தது. நகரின் தென் பகுதியில், லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கிற இடமாகப் பார்த்து, ஒரு வங்காளி வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

கீழ்க்கட்டில் வீட்டுக்காரப் பெரியவர் இருந்தார். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடன் அவருடைய மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன். முதல் நாள் முன்பணம் கொடுக்கப் போனபோது அவருடைய கூடத்துச் சுவரில் மூன்று படங்களைக் கண்டோம். நடுவில் ராமகிருஷ்ண பரமஹம்ஸர். வலப்புறம் நேதாஜி. இடப்புறத்தில் பதினொரு பேர் கொண்ட ஒரு பழைய புகைப்படம். சந்தனப் பொட்டும் சரமும் மூன்றுக்கும் ஒரே மாதிரி சாத்தியிருந்தது.

"இவர்கள் யார்?" என்று கேட்டோம்.

பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பட்டதாரியென்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான், இது தெரியவில்லையே என்று அந்தப் பார்வை சொல்லிற்று. பிறகு ஒரு மணி நேரம் நமக்குப் பாடம் நடந்தது.

1889-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி மோகன் பகான் சங்கம் பிறந்தது. ("தேதியைக் கவனித்தீரா? சுதந்திரத்துக்கு ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே நாங்கள் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்!" என்றார் பெரியவர்.) 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம்மவர் பதினொரு பேரில் ஒருவர் நீங்கலாக மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். முதல் கோல் வெள்ளைக்காரர்களுக்கு. அதைச் சமன் செய்தவர் குழுத் தலைவர் சிவதாஸ் பாதுரி. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். இந்தியக் குழு ஒன்று அந்தக் கேடயத்தைக் கைப்பற்றியது அதுவே முதல் தடவை. 1905-ல் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டியிருந்த காலம் அது. கேடயம் கிடைத்த அதே வருஷம் டிஸம்பரில், டில்லி தர்பாரில், அந்தப் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரமும் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் போயிற்று. இரண்டுக்கும் காரணம் பந்தாட்டம் அல்ல என்று சரித்திரப் புஸ்தகம் சொல்லும். ஆனால் அந்தக் கூடத்தில் சரித்திரப் புஸ்தகத்துக்கு இடமில்லை.

இப்படியாக நாம் மோகன் பகானின் பெருமையைத் தெரிந்துகொண்டோம். அது பாதிக் கதைதான் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அன்று பெரியவரின் சம்பந்தி வந்தார்.

வங்காளிகள் சம்பந்தியைப் 'பேயாய்' என்று அழைக்கிறார்கள். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் ஒடிசலான தேகம், உரத்த குரல், கையில் ஒரு குடை. கிழக்கு வங்காளத்தில் பாரிசால் ஜில்லாவில் பிறந்தவர். 1950-ம் ஆண்டில் அங்கே கலகம் மூண்டபோது, ஒன்பது வயதுப் பையனாக, தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு ஸியால்டா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். யாதவ்பூர்ப் பக்கத்தில் அகதிகள் தாமாகவே குடிசை போட்டு எழுப்பிய குடியிருப்பு ஒன்றில் வளர்ந்து, படித்து, குமாஸ்தாவாகி, அங்கேயே ஒரு சின்ன வீடும் கட்டிக்கொண்டவர். அவருக்கு ஒரே பெண். அந்தப் பெண்தான் நம் வீட்டுக்காரர் மருமகள்.

அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரிலிருந்த புகைப்படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "பேயாய் மோஷாய், உம் வீட்டுத் தெய்வங்கள் சௌக்கியமா? இந்த வருஷமாவது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தீரா?" என்றார்.

அவர் ஈஸ்ட் பெங்கால் கட்சி.

அந்தச் சங்கம் பிறந்த கதையும் ஒரு மனஸ்தாபக் கதைதான். 1920-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் என்ற குழு ஆடுவதாக இருந்தது. சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரரை அன்று குழுவில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். ஜோராபகான் சங்கத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அதுவும் கிழக்கு வங்காளத்தவர் என்பதற்காகச் செய்தது என்று கருதி, சங்கத்தை விட்டு வெளியேறினார். நாலே நாளில், ஆகஸ்டு 1-ந் தேதி, நண்பர்களோடு சேர்ந்து புதிய சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். விட்டு வந்த சீமையின் பெயரையே அதற்கு இட்டார்கள். சிவப்பும் பொன்னிறமும் அதன் வர்ணங்கள். மோகன் பகானுக்குப் பச்சையும் அரக்குச் சிவப்பும். 1925-ம் ஆண்டு மே 28-ந் தேதி கல்கத்தா லீக் பந்தயத்தில் இரண்டு குழுக்களும் முதன் முதலாகச் சந்தித்தபோது ஈஸ்ட் பெங்கால் ஒரு கோலில் ஜயித்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

மேற்கு வங்காளத்துப் பூர்வீகவாசிகளைக் 'கோட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்களை 'பாங்கால்' என்றும் அங்கே பரிகாசமாகச் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த நாம், "நான் அசல் கோட்டி!" என்று வீட்டுக்காரர் மார்தட்டிச் சொன்னபோது சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் மூளை கலங்கியவன். ஆனால் பந்தாட்ட தினத்தன்று அந்த வீட்டைப் பார்த்தவர்கள், தமிழ்ப் பொருளும் பொருந்தாமற் போகவில்லை என்றே சொல்வார்கள்.

இந்தப் பிரிவு மைதானத்தோடு நிற்பதில்லை. அடுக்களை வரைக்கும் வந்துவிடும். கோட்டி வீட்டில் பருப்பிலும் கறியிலும் சிட்டிகை சர்க்கரை சேரும். பாங்கால் வீட்டில் மிளகாய் தூக்கலாக இருக்கும். கோட்டிக்குச் சிங்க்டி என்கிற இறால் உசத்தி. பாங்காலுக்கு இலிஷ் என்கிற மீன்தான் அமிர்தம். ஈஸ்ட் பெங்கால் ஜயித்த மறுநாள் சந்தையில் இலிஷுக்குக் கிராக்கி, மோகன் பகான் ஜயித்தால் இறாலுக்குக் கிராக்கி. மீன் வாடை அறியாத வீட்டில் பிறந்த நாம், நேற்றைய ஆட்டத்தில் யாருக்கு ஜயம் என்பதைப் பத்திரிகை பார்க்காமல், மாடிப்படி இறங்கும்போதே மூக்கால் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம்.

இப்படிப்பட்ட இரண்டு வீடுகளுக்குள் கல்யாணம் எவ்வாறு நடந்தது? அதையும் பெரியவரே சொன்னார். பையனும் பெண்ணும் ஒரே கல்லூரியில் படித்து ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில், 1997-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி, பெடரேஷன் கோப்பையின் அரை இறுதி ஆட்டம் வந்தது. ஸால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடினார்கள். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. ஈஸ்ட் பெங்காலுக்கு பி. கே. பானர்ஜி. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜயித்தது. மறுநாள் காலை பெண்ணைப் பெற்றவர் இலிஷ் மீனோடு வந்து, "நாலு கோல் சீர் வரிசை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். இனி என்ன கேட்கிறீர்?" என்றாராம். பிள்ளை வீட்டாருக்கு வாயடைத்துப் போயிற்று. முகூர்த்தம் குறித்தார்கள்.

அன்றே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இரண்டு குழுக்களும் மோதும்போதெல்லாம், தோற்ற வீட்டார் ஜயித்த வீட்டாருக்கு அவர்களுடைய மீனை வாங்கி அனுப்ப வேண்டும். ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் கோட்டி இலிஷ் வாங்க வேண்டும். மோகன் பகான் ஜயித்தால் பாங்கால் இறால் வாங்க வேண்டும். விஜயதசமி முதல் சரஸ்வதி பூஜை வரையில் பாங்கால் குடும்பங்கள் பலவற்றில் இலிஷ் சமைப்பதில்லை. ஆகையால் அந்தக் காலத்துக் கடனைச் சரஸ்வதி பூஜைக்குப் பின் தீர்க்கலாம் என்று அதிலே ஒரு ஷரத்தும் உண்டு.

நம்மையும் கட்சி சேர்க்க இருவரும் பிரயத்தனம் செய்தார்கள். "எங்கள் பஞ்ச பாண்டவர்கள் யார் தெரியுமா? அகமத் கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே. ஐந்து பேரும் உங்கள் தென்னாட்டவர்கள். ஆகவே நீர் ஈஸ்ட் பெங்கால்" என்றார் பாரிசால் பெரியவர். வீட்டுக்காரர் விடுவாரா? "1962-ல் ஜகார்த்தாவில் தங்கப் பதக்கம் வாங்கிய இந்தியக் குழுவில் இருந்த அருமைநாயகம் எந்தச் சங்கத்தில் ஆடினார்? மோகன் பகானில்! அருமைநாயகம் என்பது எந்தப் பாஷைப் பெயர்? நீரே சொல்லும்" என்றார். வாடகை கொடுக்க வேண்டியவரிடம் விரோதம் கூடாது. சம்பந்திக் கிழவர் மனத்தையும் புண்படுத்தக் கூடாது. நாம் நடுநிலை வகித்தோம்.

இவ்வளவும் வேடிக்கை. இனிச் சொல்லப் போவது வேடிக்கையன்று.

1975-ம் ஆண்டு ஸெப்டம்பர் 30-ந் தேதி ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று முறியடித்தது. அந்தத் தோல்வியைப் பொறுக்கமாட்டாமல் ஓர் இளைஞர் உயிரையே மாய்த்துக்கொண்டார் என்றால், அந்த 'ஐந்து' எவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதன் பிறகு முப்பத்து நாலு வருஷ காலம் மோகன் பகான் அபிமானிகள் கல்கத்தாவில் ஐந்து என்ற எண்ணைக் கேட்கவே கூசினார்கள். பாரிசால் பெரியவர் நம் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போது, "எத்தனை பிஸ்கோத்து?" என்று கேட்டால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார்.

2009-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலச் சக்கரம் சுழன்றது. ஐ-லீக் பந்தயத்தில் மோகன் பகான் 5-3 என்று ஜயித்தது. சிடி எடே என்ற நைஜீரிய ஆட்டக்காரர் தனியாக நாலு கோல் போட்டார். இரண்டு குடும்பங்களும் கீழ்க்கட்டில் டெலிவிஷனுக்கு எதிரே கூடியிருந்தன. நாமும் இருந்தோம். ஐந்தாவது கோல் விழுந்ததும் வீட்டுக்காரப் பெரியவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, பேரனைத் தூக்கிச் சுற்றினார். பிறகு சம்பந்தியின் முகத்துக்கு நேரே ஐந்து விரல்களை விரித்தார்.

பாரிசால் பெரியவர் அசையவில்லை. "ஐந்து வாங்கினோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று திருப்பிக் கொடுத்தோம். 1975-ல் நீங்கள் ஒன்றாவது திருப்பிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

கேள்வி சரியான கேள்வி. பதில் இல்லாத கேள்வி. பதில் இல்லாதபோதுதான் மனிதன் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறான். வீட்டுக்காரர் சொன்னார்:

"சொந்த ஊரைக் காப்பாற்றத் தெரியாமல் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி வந்த உத்வாஸ்துக்களுக்குக் கோலைக் காப்பாற்ற எங்கே தெரியும்?"

உத்வாஸ்து என்றால் வீடு வாசல் இழந்து வந்தவன், அகதி. கூடத்தில் டெலிவிஷன் ஒன்றுதான் இரைந்துகொண்டிருந்தது. பாரிசால் பெரியவர் பாதி குடித்த தேநீரைக் கீழே வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்று, "வருகிறேன் அம்மா" என்று மகளிடம் மட்டும் சொன்னார். போய்விட்டார்.

அந்த வாரம் இறால் வரவில்லை. ஒப்பந்தம் முறிந்தது.

வங்காளத்து மருமகள் தன் தகப்பனாரையும் மாமனாரையும் 'பாபா' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறாள். சண்டை நடந்த நாலாம் நாள் அவள் மாடிக்கு வந்து நம் இல்லாளிடம், "பாபா சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தப் பாபா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

பேரனுக்கு அப்போது எட்டு வயது. மாலை வேளைகளில் நம்மிடம் கணக்குப் படிக்க வருவான். ஒரு நாள் பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தவன், பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"மாஸ்டர் மோஷாய், உத்வாஸ்து என்றால் என்ன?"

"வீட்டை விட்டு வர நேர்ந்தவர்."

"அம்மாவும் உத்வாஸ்துவா?"

"அம்மா இந்த ஊரிலேயே பிறந்தவள்."

"ஆனால் அவள் அப்பா உத்வாஸ்து. அப்படியானால் நான் பாதியா, காலா?"

ஆசிரியத் தொழிலில் நம்மிடம் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பின்னத்துக்கு விடை சொல்ல நம் சர்வகலாசாலைப் பட்டம் போதவில்லை. அன்று இரவு நாம் கீழே போய்ப் பெரியவருக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பையன் கேட்ட கேள்வியை மட்டும் அவன் சொன்னபடியே சொல்லிவிட்டு நின்றோம்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சுவரிலிருந்த புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே, "வெறுங்காலோடு ஆடிய இவர்கள் இருக்கிறார்களே, இவர்களில் பலருடைய பூர்வீகம் கிழக்கு வங்காளந்தான். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்தே தெரியும்" என்றார். அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

2010-ம் ஆண்டு ஜனவரியில் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று பாங்கால் வீடுகளில் ஜோடி இலிஷ் வாங்கி, அதற்குக் குங்குமமும் மஞ்சளும் இட்டு, மங்கலமாக வீட்டுக்குள் அழைப்பார்கள். கல்யாணமான நாள் முதல் மருமகளுக்குத் தகப்பனார் வீட்டிலிருந்து அந்த ஜோடி வரத் தவறியதில்லை. அந்த வருஷம் வரவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பூஜை முடித்துக் கிச்சடி சமைத்துப் பரிமாறினாள்.

பிற்பகலில் பெரியவர் மாடிக்கு வந்து, "சட்டையைப் போட்டுக்கொள்ளும், மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்" என்றார். பையனும் கூட வந்தான். மீன் கடையில் அவர் ஐஸில் வைத்திருந்த இரண்டு இலிஷ் மீன்களைப் பேரம் பேசாமல் வாங்கினார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் நாம். திருநெல்வேலியில் நம்மவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் நம்மைத் தலை முழுகியிருப்பார்கள்.

யாதவ்பூருக்குப் போகிற வழியில் பெரியவர் திடீரென்று 1980-ம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் கார்டன்ஸில் இந்த இரண்டு குழுக்களின் ஆட்டம் நடந்தபோது, பார்வையாளர்களிடையே கலவரம் மூண்டு, நெரிசலில் பதினாறு பேர் மாண்டார்கள். பெரியவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

"படிக்கட்டில் விழுந்துவிட்டேன். என் மேல் இருவர் விழுந்தார்கள். யாரோ ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்துச் சுவர் ஓரமாகத் தள்ளினான். செருப்புப் போயிற்று, உயிர் இருந்தது. அந்தக் கை எந்தக் கட்சிக் கை என்று பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை. அவனும் என் கட்சியைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டவில்லை."

பாரிசால் பெரியவரே கதவைத் திறந்தார். சம்பந்தியைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், நம் கையிலிருந்த பையைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஏதோ பேச வாயெடுத்தார், பேச்சு வரவில்லை. அந்தக் கிழவர் பையை வாங்கி ஒரு மீனை வெளியில் எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு கொடுத்தீர்?"

விலையைச் சொன்னார் வீட்டுக்காரர்.

"நன்றாக ஏமாந்துவிட்டீர். இலிஷ் வாங்கக் கோட்டிக்கு எங்கே தெரியும்? உள்ளே வாரும்."

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்காரர், "பேயாய் மோஷாய், அன்று நான் சொன்னது ஆட்டத்துப் பேச்சன்று. பிழை" என்றார். பாரிசால் பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு அவர் சொன்ன வார்த்தைகள் இன்றும் நம் காதில் இருக்கின்றன.

"நான் பிறந்த சீமைக்கு அன்று கிழக்கு வங்காளம் என்று பெயர். 1955-ல் அதைக் கிழக்குப் பாகிஸ்தான் என்று மாற்றினார்கள். 1971-ல் பங்களாதேசம் ஆயிற்று. நல்லதுதான், அவர்கள் நாடு, அவர்கள் பெயர். ஆனால் நான் பிறந்த சீமையின் பெயரைத் தேடினால் எந்தப் படத்திலும் இல்லை. கல்கத்தா மைதானத்தில் ஒரு பெயர்ப் பலகையில் இருக்கிறது. பதினொரு பேர் அந்தப் பெயரோடு ஓடுகிறார்கள். அவர்கள் தோற்றால் தோற்கட்டும், எனக்குப் பழக்கம் உண்டு. அந்தப் பெயர் ஓடிக்கொண்டிருந்தால் போதும்."

பந்தாட்டப் பைத்தியம் என்று நாம் அதுவரை எண்ணியிருந்தது அதுவல்ல என்று அப்போது தெரிந்தது. ஒருவருக்கு அந்தச் சங்கம் அந்நியனை வெறுங்காலால் வென்ற ஞாபகம். மற்றொருவருக்கு இழந்த ஊரில் எஞ்சியிருக்கும் ஒரே பொருள். இரண்டும் ஒரே தேசத்தின் சரித்திரத்தில் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றொன்றைப் படிக்க இயலாது.

பையன் இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எந்தக் கட்சி?" என்று கேட்டான்.

"நீ உன் அப்பாவைப் பெற்ற தாத்தா கட்சியிலேயே இரு. எல்லாரும் என் பக்கம் வந்துவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?" என்றார் பாரிசால் பெரியவர்.

அன்று முதல் ஒப்பந்தம் மறுபடி அமலுக்கு வந்தது. ஓர் எழுதாத ஷரத்தும் அதில் சேர்ந்தது. ஆட்டத்தைப் பற்றி எதையும் சொல்லலாம். கோல் காவலனைப் பற்றி, நடுவரைப் பற்றி, சம்பந்தியின் அறிவைப் பற்றிக்கூடச் சொல்லலாம். பிறந்த இடத்தைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. நம் ஊர்ச் சம்பந்திகளுக்கும் இந்த ஷரத்தைச் சிபாரிசு செய்கிறோம். ஆறிப்போன காப்பியை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்ளலாம். குலத்தையும் ஊரையும் குத்திச் சொன்ன சொல்லை எந்த அடுப்பில் வைப்பது?

காலம் மாறியது. 2020-ல் இரண்டு சங்கங்களும் இந்தியன் சூப்பர் லீகில் சேர்ந்தன. இன்று ஆடுகிறவர்களில் எத்தனை பேர் கோட்டி, எத்தனை பேர் பாங்கால் என்று எண்ண ஒரு கையின் விரல்களே மிகுதி. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி துராந்து கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜயித்தது. நாலரை வருஷத்துக்குப் பிறகு மோகன் பகானை வென்ற ஆட்டம் அது. கோல் போட்டவர் நந்தகுமார் சேகர், நம் சென்னைப் பிள்ளை. அன்றிரவு பாரிசால் பெரியவர் டெலிபோனில் நம்மை அழைத்து, "ஆறாவது பாண்டவன்! உங்கள் ஊர்ப் பையன்!" என்று கூவினார். மறுநாள் கீழ்க்கட்டிலிருந்து யாதவ்பூருக்கு இலிஷ் போயிற்று. மாடிக்கு, "இது தமிழ்த் துரோகிக்கு" என்ற குறிப்போடு, ஒரு பெட்டி சந்தேஷ் மிட்டாய் வந்தது. ஸெப்டம்பர் 3-ந் தேதி அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 1-0 என்று ஜயிக்கவே, யாதவ்பூரிலிருந்து இறால் வந்து கணக்கு நேராயிற்று.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறோம்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில், பணியிலிருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. 18-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லை, ஆனாலும் இரண்டு கட்சி அபிமானிகளும் ஸால்ட் லேக் ஸ்டேடியத்தின் வெளியே வந்து கூடினார்கள். அந்தப் பெண்ணுக்கு நியாயம் வேண்டும் என்று ஒரே குரலில் கோஷமிட்டார்கள். போலீஸார் தடியடி நடத்தினார்கள். பச்சைக் கொடியும் பொன் கொடியும் ஒரே தோளில் பறந்ததை அன்று தேசம் முழுதும் பார்த்தது.

நம் பழைய மாணவன், இருபத்து மூன்று வயதுப் பேரன், மோகன் பகான் சட்டையை அணிந்துகொண்டு அங்கே போயிருந்தான். செய்தி தெரிந்ததும் பாரிசால் பெரியவர், எண்பத்து மூன்று வயதில், தனியாக ஒரு டாக்ஸி வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கிழவர்களும் 2009-ல் உட்கார்ந்திருந்த அதே கூடத்தில், அந்தப் புகைப்படத்தின் கீழே, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிற்று. யாரும் குடிக்கவில்லை.

இரவு பத்து மணிக்குப் பையன் வந்தான். சட்டை கிழிந்திருந்தது. இடது முழங்கையில் சிராய்ப்பு. அதன் மேல் ஒரு துணி கட்டியிருந்தது. சிவப்பும் பொன்னிறமுமான துணி.

"யார் கட்டினது?" என்று கேட்டார் பாரிசால் பெரியவர்.

"தெரியாது தாத்தா. பக்கத்தில் நின்றவன் கழுத்திலிருந்து அவிழ்த்துக் கட்டினான். டெலிபோன் எண் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்."

வீட்டுக்காரப் பெரியவர் அந்தக் கட்டை நெடு நேரம் பார்த்தார். அவருக்கு ஈடன் கார்டன்ஸ் படிக்கட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"காயம் ஆறினதும் அதை நன்றாகத் துவைத்து, அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. அடுத்த ஆட்டத்துக்கு அவனுக்கு வேண்டியிருக்கும்."